உடலைத் தூக்கினால்தான் துரு தெரியும்

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு வளைவுகளில் ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களை அங்கே பார்த்திருப்பீர்கள். என் சித்தப்பாவிடமும் ஒன்று இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் அதைப் புதுப்பிக்க உதவப் போனேன்.

குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சட்டம் கறுப்புச் சாயத்தோடு பளபளவென்று இருந்தது. "நன்றாகத்தானே இருக்கிறது சித்தப்பா, உடலை ஏன் கழற்ற வேண்டும்?" என்று கேட்டேன்.

"மேல்பக்கத்தைப் பார்த்தாயா?" என்றார் அவர்.

சட்டம் வேறு, உடல் வேறு

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய லேண்ட் ரோவர் அப்படியல்ல. ஏணி போன்ற எஃகுச் சட்டம்தான் அதன் முதுகெலும்பு. இயந்திரமும் சக்கரங்களும் அதில் பொருத்தப்பட்டிருக்கும். உடல் அதன்மேல் போல்ட்களால் இறுக்கப்பட்டிருக்கும். 1948இல் இந்த வண்டி அறிமுகமானபோது, உலகப் போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலின் பெரும்பகுதியை அலுமினியக் கலப்புலோகத்தால் செய்தார்கள். ஒரே கன அளவில் அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

முதலில் தொடர்புகளைத் துண்டிக்க வேண்டும்

போல்ட்டைத் தொடுவதற்கு முன் மின்கலத்தைக் கழற்றினோம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு சிறு தீப்பொறி போதும். பிறகு பெட்ரோலை வடித்துத் தொட்டியை அகற்றினோம். உடலையும் சட்டத்தையும் இணைக்கும் மின்கம்பிகள், பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் தண்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, படம் எடுத்து, பிறகே பிரித்தோம். மறந்துபோன ஒரே ஒரு குழாய், உடலைத் தூக்கும்போது கிழிந்துவிடும்.

அசையாத போல்ட்

இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பெருகுகிறது. அதனால் மரையின் இடைவெளிகளில் துரு நிரம்பி நட்டைப் பூட்டிவிடுகிறது. நான் ஸ்பானரில் நீளமான குழாயைச் செருகி இழுத்தேன். திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது அல்லவா? 300 நியூட்டன் விசையை 0.2 மீட்டர் ஸ்பானரில் கொடுத்தால் 60 நியூட்டன் மீட்டர். கைப்பிடியை 0.6 மீட்டராக நீட்டினால் 180. நட்டு அசையவில்லை. போல்ட்டின் தலை முறிந்து, நான் பின்பக்கமாகச் சாய்ந்தேன்.

சித்தப்பா அடுத்த நட்டை மட்டும் சூடாக்கினார். எஃகை 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், 10 மில்லிமீட்டர் துளை சுமார் 0.024 மில்லிமீட்டர் விரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிவு, துருவில் வெடிப்புகளை உண்டாக்கப் போதும். நன்றாக ஆறிய பிறகு ஊடுருவும் எண்ணெயை விட்டார். நுண்குழாய் விளைவால் எண்ணெய் இடுக்குகளுக்குள் ஏறியது. மறுநாள் காலை நட்டு மெதுவாகக் கழன்றது. எண்ணெய் பட்ட இடத்தைச் சூடாக்கவே கூடாது, தீப்பற்றும்.

இன்னொரு விதி: ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கிப் பிடிப்பதற்கல்ல. அதற்குள் திரவ அழுத்தமே எடையைச் சுமக்கிறது. அடைப்பு வளையம் ஒன்று தேய்ந்து கசிந்தால் வண்டி இறங்கிவிடும். இரும்புத் தாங்கிகள் வைக்காமல் வண்டிக்கு அடியில் யாரும் போகவில்லை.

தூக்கியபோது தெரிந்தது

கதவுகள், கூரை, முன்பகுதி என ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைசியில் பின்தொட்டியை நான்கு பேர் நான்கு மூலைகளில் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கி, பக்கத்தில் வைத்தோம்.

சட்டத்தின் மேல்பக்கத்தில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சேறும் நீரும் பல ஆண்டுகள் அங்கே தேங்கி, எஃகைத் தின்றிருந்தன. அடியில் பூசிய சாயம் அதை மறைத்துவிட்டது. இந்தச் சட்டத்தின்மேல்தான் முட்டைக்கோசை ஏற்றிக்கொண்டு என் தம்பி தினமும் மலையிறங்கினான். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அலுமினியம் எஃகைத் தொட்ட விளிம்புகளில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வெவ்வேறான இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, இடையில் உப்பு கலந்த ஈரமும் இருந்தால், அது ஒரு சிறிய மின்கலம். மின்வேதியியல் வரிசையில் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் அலுமினியம் அங்கே அரிக்கப்படுகிறது. அலுமினியம் தொடாத இடங்களில், ஈரச் சேற்றின் அடியில் எஃகு வழக்கம்போல் துருப்பிடிக்கிறது.

ஆகவே சித்தப்பா துத்தநாகம் பூசிய புதிய சட்டத்தை வாங்கினார். பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும். இரண்டு உலோகங்களும் நேரே தொடாதபடி இடையில் ரப்பர் துண்டுகளை வைத்தோம்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு குவளைகளில் உப்புநீர் ஊற்றுங்கள். ஒன்றில் துருப்பிடிக்காத ஓர் இரும்பு ஆணியை இடுங்கள். மற்றதில் பாதியளவு அலுமினியத் தாள் இறுக்கிச் சுற்றிய அதேபோன்ற ஆணியை இடுங்கள். ஒரு வாரம் தினமும் கவனித்துக் குறித்து வாருங்கள். எந்த ஆணியில் துரு முதலில் வருகிறது? கடைசி நாளில் தாளைப் பிரித்து, மறைந்திருந்த பக்கத்தையும் பாருங்கள்.