மின்சார மோட்டார் சைக்கிளும் வீட்டுச் சாக்கெட்டும்

மின்சார மோட்டார் சைக்கிளில் சார்ஜ் ஏறாவிடில், பழுது வண்டியில்தான் என்று பலரும் எண்ணுவர். ஆயினும் முதலில் சோதிக்க வேண்டியது சுவரிலுள்ள சாக்கெட்டையே ஆகும்.

நம் நாட்டு வீடுகளில் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட் 1,380 வாட்டும், 16 ஆம்பியர் சாக்கெட் 3,680 வாட்டும் தாங்கும். சார்ஜரோ பல மணி நேரம் ஓயாது மின்சாரத்தை ஈர்க்கிறது. தளர்ந்த இணைப்பொன்றில் 0.2 ஓம் தடையே இருப்பினும், 10 ஆம்பியர் பாயும்போது அங்கு 20 வாட் வெப்பம் உண்டாகும். சிறிய சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குவது ஏறக்குறைய இவ்வளவு வெப்பத்தினாலேயே. எனவே பிளக்கு சுடுமாயின், அல்லது கருகியிருக்குமாயின், உடனே மின்சாரத்தை நிறுத்திச் சாக்கெட்டை மாற்றுவித்தல் வேண்டும்.

சிலவிடங்களில், சார்ஜரை இணைத்ததும் கசிவுக்காப்பு ஸ்விச்சு விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்குமாறு அமைந்த கருவி அது. அதனை ஏமாற்ற எர்த் கம்பியை அகற்றுவது உயிருக்கே உலை வைப்பதாகும். ஈரமோ, கம்பியுறை கிழிந்ததோ, சார்ஜரின் பழுதோ காரணமாகலாம். தேர்ந்த மின்பணியாளரே அதனை ஆராய வேண்டும்.

வெயிலில் ஓடிவந்த வண்டியின் லித்தியம் பாட்டரி, சூடு தணியும்வரை சார்ஜை ஏற்க மறுப்பதுண்டு. நிழலில் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். லடாக்கின் குளிரிலோ நிலைமை வேறு. 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே சார்ஜ் செய்தால், பாட்டரியினுள் லித்தியம் உலோகமாகப் படிந்து கேடு விளைக்கும்.

இம்மறுப்புகளிற் பல பழுதல்ல. பாதுகாப்பே என்பதை மக்களுக்கு உணர்த்துதல் நன்று.