இடிபடுமுன் லயன்கள்: நிழற்படப் பதிவு பற்றிச் சில குறிப்புகள்

மலையகத் தோட்டங்களிலே லயன்கள் இடிக்கப்பட்டு வருகின்றன. அவை இடிக்கப்படவேண்டியவையே. இதனை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. பழைய கட்டடங்களை நிழற்படம் பிடித்து வைத்தல் வேண்டும் என்று பேசுவோர், அவற்றைப் பேணிக் காக்கவேண்டுமென்றே வாதிடுகின்றனர் எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் பிறந்து, சமைத்து, நோயுற்று, மாண்ட மக்களிடம் சென்று அச்சுவரின் தொன்மையைப் புகழ்ந்துரைப்பது அறிவுடைமையாகாது. எமது வேண்டுகோள் வேறு. லயன் போகட்டும், அது எவ்வாறு இருந்தது என்பதற்கான சான்று போகலாகாது.

லயன் கோப்பிக் காலத்துக் கட்டட வடிவம். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிய பின்னரும் குடியிருப்பின் அமைப்பு மாறவில்லை. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. பெரும்பாலும் தகரக் கூரை. ‘இரட்டை லயன்’ எனப்படும் வகையில் இரு வரிசைகள் முதுகொட்டி நிற்கும். அங்கே பின்சுவரில் சாளரத்துக்கு இடமேயில்லை. வாயில் ஒன்றே ஒளிக்கும் காற்றுக்கும் புகைக்கும் வழி. குறைந்த செலவில் கூடிய தொகையினரை ஓரிடத்தில் வைத்திருத்தல், விடியலில் அவர்களைப் பிரட்டுக்களத்துக்கு விரைவாக அழைத்தல், அனைவரையும் கண்காணித்தல் என்னும் நோக்கங்கள் அக்கட்டடத்தின் நில அமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளன. பத்துப் பக்க விவரணம் உணர்த்தாததைத் துரை பங்களாவின் முற்றத்திலிருந்து லயனை நோக்கி எடுத்த ஒரு படமும், லயன் வாயிலிலிருந்து பங்களாவை நோக்கி எடுத்த ஒரு படமும் உணர்த்திவிடும்.

இத்தகைய படங்கள் நம்மிடம் மிகக் குறைவு. தோட்டங்களை எவரும் படம் பிடிக்கவில்லை என்று கூறமுடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் நிழற்பட நிலையங்கள் தோட்டக் காட்சிகளை விற்பனை செய்தன. 1875 இல் இலங்கை வந்து 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் தொழிலாளரையும் படம் பிடித்தார். ஆயினும் வாங்குவோர் விரும்பியவை மலைச்சரிவும் தொழிற்சாலையும் பங்களாவும் கொழுந்து கொய்யும் பெண்ணுமே. கொழுந்துக் கூடையை இறக்கிய பின்னர் அப்பெண் எங்கே சென்றாள் என்பது விற்பனைக்குரிய காட்சியன்று. இன்றும் நிலைமை பெரிதும் வேறன்று. பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின; கந்தப்பொலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாயிற்று; அந்தனைத் தொழிற்சாலை அரும்பொருளகமாக உள்ளது. பணமுள்ள கட்டடம் மறுபிறவி எடுக்கிறது. கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் ஒன்றிலே அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் இதற்கு ஓர் அரிய விதிவிலக்கு.

லயன்கள் மறைவதற்கு வீடமைப்புத் திட்டங்கள் மட்டும் காரணமல்ல. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் முறை அண்மைக்காலத்தில் பரவிவருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரே கூரையாதலின் ஒரு காம்பராவில் பற்றிய தீ வரிசை முழுவதையும் கொள்ளும். மண்சரிவு முன்னறிவித்து வருவதில்லை. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் லயன்கள் மனிதரோடு மண்ணுள் புதைந்தன. ‘இடிக்கும் நாள் தெரிந்தபின் பார்த்துக்கொள்வோம்’ என்னும் மனப்பான்மைக்கு இங்கே இடமில்லை.

பிறநாட்டு முயற்சி ஒன்று நமக்குப் பயன்படும். ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்த கட்டடக்கலைஞருக்கு வேலையளிக்கும் பொருட்டு, சாள்ஸ் பீற்றர்சன் என்பாரின் முன்மொழிவின்படி வரலாற்றுக் கட்டடங்களைப் பதிவுசெய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. அளவெடுத்து வரைந்த படம், நிழற்படம், எழுத்துமூல வரலாறு என்னும் மூன்றும் ஒருசேரத் திரட்டப்பட்டுக் கொங்கிரஸ் நூலகத்தில் வைக்கப்பட்டன. மாளிகைகளோடு களஞ்சியங்கள், கொட்டில்கள் ஆகியவற்றையும், தென்மாநிலப் பண்ணைகளிலிருந்த அடிமைக் குடியிருப்புகள் பலவற்றையும் அவர்கள் பதிந்தனர். அறுபது ஆண்டுகளின் பின், 1993 இல், ஜோன் மைக்கல் விளாச் அப்பதிவுகளைக்கொண்டே அடிமைகளின் வாழ்விடம் பற்றிய தம் நூலை எழுதினார். பதிந்தவர்கள் தாம் பதிவதன் முழுப் பெறுமதியையும் அன்று உணர்ந்திருக்கத் தேவையில்லை. ஒழுங்காகப் பதிந்தனர், அது போதுமாயிற்று.

அதே நாட்டிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1936 இல் அலபாமாவின் வாரக் குடியானவர் குடிசைகளை வோக்கர் எவன்ஸ் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆனால் படத்திலிருந்தோரின் வழித்தோன்றல்கள் சிலர், தம் குடும்பத்தின் வறுமை தம்மைக் கேளாமலே காட்சிப்பொருளாயிற்று எனப் பிற்காலத்தில் மனக்கசப்புற்றனர். லயனுக்குக் கமராவுடன் செல்வோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். தோட்ட நிருவாகத்தின் அனுமதி வாயிற்படிவரைதான் செல்லும். காணி உறுதி கையில் இல்லாவிடினும் காம்பராவுக்குள் அனுமதி தரவேண்டியவர் அங்கு வாழ்பவரே. அவர் மறுத்தால் வெளிச்சுவரோடு நின்றுவிடவேண்டும்.

இனிச் செய்முறை. அழகிய படம் எடுப்பது நோக்கமன்று. பனி விலகிய பின் வரும் மங்கலான, நிழலற்ற வெளிச்சமே இதற்கு ஏற்றது. சுவருக்கு நேரெதிரே, கமராவைச் சாய்க்காது, நான்கு பக்கங்களையும் தனித்தனியே எடுக்கவேண்டும். அடி, அங்குலம் குறித்த கோல் ஒன்று ஒவ்வொரு படத்திலும் தெரியவேண்டும். பின்னர் மூலையிலிருந்து இருபக்கமும் தெரிய ஒன்று. உள்ளே பளிச்சொளி பயன்படுத்துதல் கூடாது: அடுப்புப்புகை பல்லாண்டாய்ப் பூசிய கருமையை அது வெளிறச் செய்துவிடும். கமராவை முக்காலியில் நிறுத்தி, வாயில் வெளிச்சத்திலேயே நெடுநேரம் ஒளிவாங்க விடலாம். பீலிக்கரை, கான், பிள்ளைக்காம்பரா, கொழுந்து மடுவம், கோயில் ஆகியவற்றை விடுத்த பதிவு குறைப்பதிவே. இஸ்தோப்பை அடைத்துச் சமையலறையாக்கியமை, இரும்புத் துண்டால் இட்ட ஒட்டு, சுவரில் ஒட்டிய படங்கள் ஆகியன ‘பிற்காலக் கலப்பு’ என ஒதுக்கத்தக்கவையல்ல. கட்டியவனின் திட்டத்துக்குக் குடியிருந்தவன் அளித்த மறுமொழி அவை. இடிக்கும் நாளன்றும் செல்லவேண்டும். வெட்டுண்ட சுவரிலேதான் கல்லும் மண்ணும் சுண்ணாம்புப் படைகளும் வெளிப்படும்.

படத்தைவிடக் குறிப்பே எளிதிற் கைவிடப்படுகிறது. தோட்டம், டிவிசன், லயன் எண், காம்பரா எண், திகதி ஆகியவற்றை அன்றே எழுதிவிடவேண்டும். பதிவேட்டில் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் வழங்கும் தோட்டங்கள் பல, இரண்டும் வேண்டும். அக்காம்பராவில் முன்னர் யார் இருந்தனர் எனக் கேட்டால், பல இடங்களில் விடை 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து முட்டும். அவ்வொப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்றோருள் கணிசமானோர் நீலகிரியில் குடியேறினர். ஆகவே படிகளுள் ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கும், ஒன்று அத்தோட்டத்துப் பாடசாலைக்கும், காம்பராவின் படம் அக்குடும்பத்துக்கும் செல்லவேண்டும். இன்னொன்றைக் கோத்தகிரிப் பக்கத்துக்கு அனுப்பிப் பார்த்தலும் தகும். நம்முடைய குறிப்பில் ‘பெயர் தெரியவில்லை’ என்று விடப்பட்ட காம்பராவில் பிறந்தவர் எவரேனும் அங்கே இருத்தல் கூடும்.