வகுப்பறைக்குள் வந்த பண்டைய சீனம்

வரலாறு என்றால் ஆண்டுகளையும் அரசர்களின் பெயர்களையும் மனனம் செய்து, பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு வரும் பாடம் என்ற எண்ணம் எம்மில் பலரிடம் உண்டு. உயர்தரக் கலைப்பிரிவில் வரலாற்றை விரும்பி எடுத்தவள் என்ற வகையில் எனக்கு இதில் வருத்தமும் உண்டு. இவ்வருடம் எமது வரலாற்று மன்றத்தின் பொறுப்பாசிரியை, தரம் 8 தங்கைமாருக்குப் பண்டைய சீன நாகரிகத்தைச் செயற்பாடுகள் மூலம் அறிமுகம் செய்யும் வேலையை எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தார். பாடசாலை விட்டபின் ஆறு செவ்வாய்க்கிழமைகள் கிடைத்தன. அவற்றில் எவை பயன் தந்தன, ஏன் தந்தன என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தாள் கொடுத்து, சீனா என்றதும் மனதில் வருவதை எழுதச் சொன்னோம். பெருஞ்சுவர், போன், கொரோனா, பாம்பு தின்பார்கள், சைனா சாமான் கெதியாக உடையும் என்று வந்தன. சிரிப்பும் வந்தது. ஆனால் ஒரு பெரிய சமூகத்தை ஒரே வசனத்துக்குள் அடைத்துப் பேசுவது எப்படி நோகும் என்பது நமக்குத் தெரியாத விடயமல்ல. அதனால் கூம்புத் தொப்பி செய்வது, சிவப்பு விளக்கு வெட்டி ஒட்டுவது, டிராகன் படத்துக்கு நிறம் தீட்டுவது போன்றவற்றை ஆரம்பத்திலேயே தள்ளிவைத்தோம். சுவர் நிறைய அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை ஏற்கனவே வைத்திருக்கும் படத்தையே அது இன்னும் தடிப்பாக்கும் என்பது என் அபிப்பிராயம். பெருஞ்சுவரைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். படங்களில் நாம் காணும் கற்சுவரின் பெரும்பகுதி மிங் வம்சக் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் கட்டப்பட்டது. பண்டைய கால மதில்கள் பெரும்பாலும் மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி எழுப்பப்பட்டவை.

இரண்டாம் வாரத்துக்குத் தெரிவுசெய்தது ஷாங் வம்சம். அதன் கடைசித் தலைநகர் இன்றைய அன்யாங் நகரின் அருகே இருந்தது. அங்கு ஆமையின் அடி ஓடுகளிலும் மாட்டின் தோள் எலும்புகளிலும் கேள்விகளைப் பொறித்துவைத்திருந்தார்கள். மழை வருமா, போரில் வெல்வோமா, அரசனின் பல்வலி மாறுமா என்றெல்லாம் கேள்விகள். எலும்பில் சூடு வைத்து, ஏற்படும் வெடிப்பைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். வெகு காலத்தின் பின் கிராமத்தவர்கள் இவற்றைத் தோண்டி எடுத்து, ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக்கு விற்றிருக்கிறார்கள். 1899 இல்தான் அவற்றில் இருந்த கீறல்கள் பழைய எழுத்துகள் என்று அறிஞர்கள் கண்டுகொண்டார்கள்.

பல புத்தகங்களில் இதற்கென்று தரும் செயற்பாடு, பிள்ளைகளே குறி பார்ப்பதுபோல் நடிப்பதாகும். குறி கேட்பது எமது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. விளையாட்டுக்கும் அது வேண்டாம் என்று பொறுப்பாசிரியை சொன்னார். நாங்கள் குறிசொல்பவரின் இடத்தை விட்டு அகழ்வாய்வாளரின் இடத்தை எடுத்தோம். உண்மையில் அதுவே நல்ல பாடமாகவும் அமைந்தது. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த காட்போட் அட்டையை ஆமை ஓட்டின் வடிவில் வெட்டி, பழைய எழுத்துகளை வரைந்து, துண்டு துண்டாகக் கிழித்து மணல் நிரப்பிய பேசினில் புதைத்தோம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி சூரியன், மூன்று கூர் மலை, ஒரு மரம் மரம், இரண்டு மரம் தோப்பு. எடுத்துப் பொருத்திய பின் ஒவ்வொரு குழுவும் கொப்பியில் இரண்டு நிரல் போடவேண்டும். ஒன்றில் ‘கண்டது’, மற்றதில் ‘ஊகித்தது’. இந்த இரண்டு நிரலும் கடைசி வாரம் வரை எங்களோடு வந்தன. செயற்பாடுகளில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

மூன்றாம் வாரம் ஒரு புதைகுழியின் பொருட்பட்டியலை மட்டும் கொடுத்தோம். பெயர் கொடுக்கவில்லை. 450க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருட்கள், 700க்கும் மேற்பட்ட ஜேட் கற்பொருட்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்கள், பெரிய போர்க்கோடரிகள், ஏறக்குறைய 7000 சோகிகள், பலியிடப்பட்ட 16 மனிதர்கள், 6 நாய்கள். புதைக்கப்பட்டவர் யார்? ஐந்து குழுக்களும் அரசன், தளபதி, பெரிய வியாபாரி என்று எழுதின. எல்லாம் ஆண்கள். பிறகுதான் சொன்னோம், அது ஃபூ ஹாவ் என்ற பெண்ணின் புதைகுழி என்று. சுமார் கி.மு. 1200 இல் ஆண்ட வூ டிங் அரசனின் துணைவியருள் ஒருவர் அவர். அவர் படை நடத்தியதை எலும்புப் பொறிப்புகள் சொல்கின்றன. ஒரு பொறிப்பில் அவரோடு சென்ற படை 13,000 பேர். அந்தப் புதைகுழி 1976 இல் திருடர் கை படாமல் கிடைத்தது. அகழ்வுக்குத் தலைமை தாங்கிய ஜெங் ஜென்ஷியாங்கும் ஒரு பெண்ணே.

வகுப்பில் கைதட்டல் எழுந்தது. அதோடு முடித்திருந்தால் எல்லோரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அதே ஃபூ ஹாவைப் பற்றிய இன்னொரு பொறிப்பும் உண்டு. அவருக்குப் பிரசவம் நல்லபடியாக அமையுமா என்று அரசன் கேட்கிறான். இன்ன இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று பதில் வருகிறது. 31 நாட்களுக்குப் பின் வேறொரு நாளில் குழந்தை பிறந்தது என்றும், அது நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை என்றும் கீழே பொறித்திருக்கிறார்கள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. “தாத்தா, அந்தப் புள்ளைக்குப் பொறகு என்ன நடந்த?” என்று பின் வரிசையில் இருந்து ஒருத்தி கேட்டாள். எலும்பில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றேன். பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்தவர்களைக் குர்ஆன் கண்டிப்பதை ஒருத்தி நினைவூட்டினாள். அடுத்தவள், தங்கச்சி பிறந்தபோது “இதுவும் பொம்புளப் புள்ளயா?” என்று ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டவர்களைப் பற்றிச் சொன்னாள். படை நடத்திய பெண்ணை மதித்த அதே அரண்மனை, அவள் பெற்ற பெண்ணை ஏன் நல்லதல்ல என்றது? இந்தக் கேள்விக்கு அன்று நாற்பது நிமிடம் போயிற்று. அடுத்துச் செய்ய வைத்திருந்த வெண்கல வார்ப்புச் செயற்பாட்டைக் கைவிட்டோம். அதில் எனக்குக் கவலை இல்லை.

சின் பேரரசனைப் பற்றிய வாரம் கலகலப்பானது. ஒவ்வொரு குழுவையும் ஒரு நாடாக்கி, தங்கள் தலைவியின் சாணால் ஒரு துணித்துண்டை அளந்து மற்றக் குழுவுக்கு விற்கச் சொன்னோம். ஒரு நாட்டில் ஒன்பது சாண், அடுத்த நாட்டில் அதே துணி ஏழு சாண். ஏமாற்றுகிறீர்கள் என்று சத்தம் பக்கத்து வகுப்பு வரை போனது. பிறகு எல்லோருக்கும் ஒரே நீளக் குச்சியைக் கொடுத்தோம். கி.மு. 221 இல் ஏழு நாடுகள் ஒன்றானபோது நிறை, அளவு, நாணயம், எழுத்து, வண்டி அச்சின் நீளம் எல்லாம் ஏன் ஒரே சீராக்கப்பட்டன என்பதை விளக்க அதன்பின் எங்களுக்கு வேலையே இருக்கவில்லை. அந்த அரசனே கி.மு. 213 இல் நூல்களை எரிக்கக் கட்டளையிட்டவன். அவனது கல்லறையைக் காக்க நின்ற ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்களை 1974 இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்று பட்டிமன்றம் வைக்கலாம்தான். ஆனால் பட்டிமன்றத்தில் குரல் பெரிய பிள்ளைகளே பேசுவார்கள், மற்றவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடதாசி செய்யும் வேலைக்கு இரண்டு வாரம் வேண்டும். முதலில் கடதாசி இல்லாத காலத்தைக் கையால் உணர வேண்டும். அன்று மூங்கில் கீற்றுகளில் எழுதி நூலால் கோத்தார்கள். நாங்கள் ஐஸ்கிறீம் குச்சிகளில் மேலிருந்து கீழாக எழுதினோம். பாடநூலின் அரைப் பக்கத்தை எழுதி முடிக்கவே மேசை நிறைந்துவிட்டது. சின் பேரரசன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிலோகிராம் ஆவணங்களைப் பார்த்து முடிக்காமல் ஓய்வெடுப்பதில்லை என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. 25 கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கி.பி. 105 இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி, மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன் வலை ஆகியவற்றிலிருந்து கடதாசி செய்யும் முறையைப் பேரரசருக்குச் சமர்ப்பித்தார். அதற்கு முந்திய கடதாசித் துண்டுகளும் அகழ்வுகளில் கிடைத்துள்ளன. எனவே அவரைக் ‘கண்டுபிடித்தவர்’ என்பதைவிடச் சீர்செய்தவர் என்பதே சரி. செய்முறை எளிது. முடிந்துபோன அப்பியாசக் கொப்பித் தாள்களை முத்திரை அளவுக்குக் கிழித்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் நிறையத் தண்ணீர் விட்டு அரைத்து, கஞ்சித் தண்ணீர் சிறிது சேர்த்தால் பிறகு மை பரவாது. பழைய படச் சட்டத்தில் நுளம்பு வலையை இறுக்கி அடித்து, அந்தக் கூழுக்குள் அமிழ்த்தி மட்டமாகத் தூக்க வேண்டும். இந்தத் தூக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. சரித்தால் ஒரு பக்கம் தடித்துவிடும். அவசரப்பட்டால் நடுவில் ஓட்டை விழும். தண்ணீர் வடிந்ததும் பருத்தித் துணிமேல் கவிழ்த்து, இன்னொரு துணியால் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். எங்கள் முதல் தாள் ரொட்டிபோல வந்தது. ஐந்தாவது தாளில் எழுத முடிந்தது.

அது காயும் நேரத்தில் கடதாசி மேற்கே போன கதையைச் சொன்னோம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பாஸியரின் பக்தாதில் கடதாசி செய்யப்பட்டது. அங்கிருந்து முஸ்லிம் நாடுகளூடாக அது ஐரோப்பாவை அடைந்தது. நாம் சொல்லும் ‘காகிதம்’ என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது.

பட்டுப் பாதைக்கு நடைபாதையில் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தினோம். ஒரு முனை சாங்கான், மறு முனை ரோம். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நிற்பவளோடு மட்டுமே பேசலாம், தன் இலாபத்தைச் சேர்த்தே விற்கலாம். பத்து மணிக்குப் புறப்பட்ட பட்டு, ரோமில் எழுபது மணிக்கு விலைபோனது. இது எதிலிருந்து வருகிறது என்று ரோமில் நின்றவளிடம் கேட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? பட்டு, மர இலைகளிலிருந்து சீவி எடுக்கப்படுவதாக உரோம அறிஞர் பிளினி எழுதிவைத்தது இப்படித்தான்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை எமது நாட்டோடு முடிந்தது. பாஹியன் என்ற பௌத்த துறவி கி.பி. 399 இல் சீனாவிலிருந்து தரைவழியே புறப்பட்டார். துணைக்கு வந்தவர்களில் சிலர் வழியில் இறந்தார்கள், சிலர் அங்கங்கே தங்கிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது அவர் தனி ஆள். அநுராதபுரத்தில் ஜேட் கல்லால் ஆன புத்தர் சிலையின் முன் ஒரு வணிகர் வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது சீனத்து விசிறி. கண்ணீர் வந்துவிட்டது என்று தன் பயணக் குறிப்பில் அவரே எழுதுகிறார். அரசர்கள், போர்கள், ஆண்டுகள் எல்லாம் சொன்ன எங்களுக்கு, இந்த விசிறி அளவுக்கு எதுவும் தங்கைமாரை நெருங்கவில்லை.

நீ தூர தேசத்தில் பல வருடம் இருக்கிறாய், எந்தப் பொருளைக் கண்டால் அப்படி அழுவாய் என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். உம்மம்மாவின் பாக்குவெட்டி, நோன்புக் கஞ்சிக் கோப்பை, தங்கச்சியின் ஒற்றைச் செருப்பு என்று எழுதினார்கள். வாப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் அதிக நேரம் எடுத்தார்கள். அவர்களில் இருவர், தாங்கள் அழுவதை விட்டுவிட்டு வாப்பா எதைக் கண்டு அழுவார் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதங்களை எங்கள் கடதாசியிலேயே எழுதினோம். நன்றாகக் காயாத தாள்களில் மை கொஞ்சம் ஊறியது. ஆனாலும் வாசிக்க முடிகிறது. இருபத்தாறு கடிதங்களும் நூலகத்தில் வரலாற்று நூல்கள் உள்ள அலுமாரியின் கீழ்த்தட்டில் கோவை போட்டு வைக்கப்பட்டுள்ளன.