பேச்சின் குற்றம் பேசியவருக்கு, கொலையின் குற்றம் கொன்றவருக்கு

ஒருவர் வேண்டுமென்றே இன்னொரு மதத்தை இழிவுபடுத்துகிறார். ஆத்திரமடைந்தவர்கள் வன்முறையில் இறங்குகிறார்கள். பழி யாருக்கு? இந்தியச் சட்டம் ஏறக்குறைய நூறாண்டுகளாகப் பதில் சொல்லிவரும் கேள்வி இது.

295ஏ பிரிவு ஏன் வந்தது?

நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் ‘ரங்கீலா ரசூல்’ என்ற சிறுநூல் 1924-ல் லாகூரில் வெளியானது. பதிப்பாளர் ராஜ்பால் மீது, சமூகங்களிடையே பகை மூட்டியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் வழக்கு. மறைந்த மதத் தலைவரைப் பழிப்பது அந்தப் பிரிவுக்குள் வராது என்று 1927-ல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எதிர்ப்பு வெடிக்கவே, மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் 295ஏ பிரிவை பிரிட்டிஷ் அரசு அதே ஆண்டு கொண்டுவந்தது.

சட்டம் வந்தும் ராஜ்பால் உயிர் தப்பவில்லை. 1929 ஏப்ரலில் அவரை இல்முதீன் என்ற இளைஞர் குத்திக் கொன்றார். மேல்முறையீட்டில் இல்முதீனுக்காக வாதாடிய முகமது அலி ஜின்னா, வயதையும் புண்பட்ட மத உணர்வையும் காட்டி மரண தண்டனையைக் குறைக்கக் கேட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அக்டோபரில் இல்முதீன் தூக்கிலிடப்பட்டார்.

எது குற்றம்?

அந்த 295ஏ பிரிவு இன்று, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆக இருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் 295ஏ செல்லும் என்ற உச்ச நீதிமன்றம், எல்லையையும் வகுத்தது: தெரிந்தே, தீய நோக்கத்துடன் செய்த இழிவு மட்டுமே குற்றம், அறியாமலோ கவனக்குறைவாலோ சொன்னது குற்றமாகாது.

கூட்டம் மிரட்டினால்?

இதற்குப் பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் கிடைத்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்று அஞ்சிக் கருத்தை ஒடுக்க முடியாது. பேச்சுரிமையைக் காப்பது அரசின் கடமை, கூட்டத்தை அடக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றது.

ஆக, பொறுப்பு மூவருக்கும் தனித்தனியே உண்டு. பேசியவரின் நோக்கத்தை நீதிமன்றம் விசாரிக்கட்டும். கல்லெறிந்தவரும் கத்தி எடுத்தவரும் தாங்கள் செய்ததற்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டும். இருவருக்கும் நடுவே நின்று உயிர்களைக் காப்பது அரசின் வேலை. கோபத்தின் அளவை வைத்துப் பேச்சின் குற்றத்தை எடைபோட்டால், அதிகம் எரிப்பவர்களே எதைப் பேசலாம் என்று முடிவு செய்வார்கள். அந்த அதிகாரத்தை எந்த மதத்தின் கூட்டத்துக்கும் கொடுத்துவிடக் கூடாது.