உங்களுக்குத் தெரியுமா? வற்றாப்பளை அம்மாளும் பௌத்தத்தின் காவல் தெய்வமும்

நம் சரஸ்வதி பௌத்தத்தோடு யப்பானுக்குப் போய், அங்கே பென்சைத்தென் என்ற காவல் தெய்வமாகி, பீவா என்னும் வீணை போன்ற இசைக்கருவியை ஏந்தி நிற்கிறாள். அவ்வளவு தூரம் போவானேன்? நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் நாம் கும்பிடும் கண்ணகை அம்மாளும் பௌத்தர்களின் காவல் தெய்வந்தான். சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்யோ என்பர். கண்டி எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காமக் கடவுளரின் தேவாலய ஊர்வலங்களுக்குப் பின்னே அவளுடையது வரும்.

மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து, தங்கித் தங்கிச் சென்றதில் பத்தாவது இடம் வற்றாப்பளையாம். 'பத்தாப்பளை' வற்றாப்பளை ஆனது என்பது ஊர் வழக்கு.

வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரை வார்த்து விளக்கெரிப்பார்கள். எண்ணெய் இல்லை, திரியும் கடல்நீருமே என்பது அடியார் நம்பிக்கை. அந்தச் சுடரைக் கண்ணால் காணவே சனம் நெருக்கியடித்து நிற்கும்.

கொப்பளிப்பான் வந்தால் நாம் 'அம்மாள் வருத்தம்' என்று வேப்பிலை செருகுகிறோம். சிங்களக் கிராமங்களிலும் அந்த நோய்க்குப் பத்தினியிடமே நேர்த்தி வைக்கிறார்கள்.