இரத்தச் சேகரிப்புக் குழாய்களும் அவற்றின் சரியான பெயர்களும்

இரத்தப் பரிசோதனைக்காகக் கையை நீட்டி அமர்ந்திருக்கும்போது, எதிரே உள்ள தட்டில் வண்ண மூடியிட்ட குழாய்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளம் ஊதா, வெளிர் நீலம், மஞ்சள், சாம்பல் என நான்கு குழாய்கள் இருந்துவிட்டால், "இவ்வளவு இரத்தமா எடுக்கப் போகிறீர்கள்?" என்று உடன் வந்தவர் கேட்பது வழக்கம். ஒரு குழாயில் கொள்ளும் இரத்தம் பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிலிட்டர் வரையே. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி அளவு. இரத்த தானத்தின்போது ஒரே முறையில் 350 மில்லிலிட்டர் எடுக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அச்சம் தானே அகலும். எனினும், எல்லாவற்றையும் ஒரே குழாயில் எடுத்தால் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது.

ஆகாது. ஒவ்வொரு குழாயின் உள்ளேயும் ஒரு வேதிப்பொருள் முன்கூட்டியே சிறிதளவு இடப்பட்டுள்ளது. இதனைச் சேர்பொருள் என்கிறோம். இது உங்கள் உடலுக்குள் செலுத்தப்படும் மருந்து அன்று; வெளியே எடுத்த இரத்தத்தைப் பரிசோதனைக்கு உகந்த நிலையில் வைத்திருப்பதே இதன் வேலை. மூடியின் நிறம் இந்தச் சேர்பொருளைக் குறிக்கும் அடையாளம். ஆகவே குழாயின் சரியான பெயர் அதன் சேர்பொருளின் பெயரே. (இரத்தக் குழாய் என்று சுருக்கிச் சொல்வதும் குழப்பம் தரும், அது நம் உடலிலுள்ள நாளங்களின் பெயர். வாக்குடெய்னர் என்பதோ ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர்.)

நிறத்தை மட்டும் நம்புவது ஏன் போதாது? நம் ஊர் ஆய்வகங்களில் சிவப்பு மூடி என்றால் சீரத்திற்கான குழாய். ஆனால் ஜெர்மனியின் சார்ஸ்டெட் நிறுவனம் பின்பற்றும் ஐரோப்பிய வண்ண முறையில் சிவப்பு என்பது ஈ.டி.டி.ஏ. குழாய்; பச்சை என்பது சிட்ரேட் குழாய். வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் "அங்கே சிவப்புக் குழாயில்தான் எடுத்தார்கள்" என்று சொன்னால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

சேர்பொருள் என்றாலே இரத்தம் உறையாமல் தடுப்பது என்று பலர் எண்ணுகின்றனர். பாதி அளவே இது உண்மை. இளம் ஊதா மூடியின் ஈ.டி.டி.ஏ., வெளிர் நீல மூடியின் சோடியம் சிட்ரேட், பச்சை மூடியின் ஹெப்பாரின் ஆகியவை உறைவுத் தடுப்பிகள். சிவப்பு, மஞ்சள் மூடியுள்ள பிளாஸ்டிக் குழாய்களில் இருப்பதோ இதற்கு நேர்மாறானது. அவற்றின் உட்சுவரில் பூசியுள்ள நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இரத்தத்தை விரைவில் உறையச் செய்கின்றன. மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் கூழ் போன்ற ஜெல் ஒன்றும் இருக்கும். அது உறைவையும் தடுப்பதில்லை, உறையவும் செய்வதில்லை. குழாயைச் சுழற்றும்போது அணுக்களுக்கும் மேலே தெளியும் நீர்மத்திற்கும் இடையில் ஒரு தடுப்பாக நின்றுவிடுகிறது.

அந்த நீர்மத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். உறையாத இரத்தத்திலிருந்து பிரித்தால் அது பிளாஸ்மா. உறைந்த பின் பிரித்தால் சீரம். உறைதலுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் அதில் இராது. சீரம் வேண்டுமானால் இரத்தம் முழுமையாக உறைய ஏறத்தாழ 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். சிறுநீரக, கல்லீரல் பரிசோதனை முடிவுகள் சற்றுத் தாமதமாகக் கைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அவசரப் பிரிவில் பல நேரங்களில் ஹெப்பாரின் குழாயைத் தேர்ந்தெடுப்பது இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே. ஆனால் மனநலச் சிகிச்சையில் லித்தியம் மாத்திரை உட்கொள்பவரின் லித்தியம் அளவை, லித்தியம் ஹெப்பாரின் இட்ட குழாயில் பார்க்கலாகாது. குழாயில் உள்ள லித்தியமும் சேர்ந்து, மருந்து மிகுந்துவிட்டது போன்ற பொய்த்தோற்றத்தைத் தரும்.

சர்க்கரை நோயாளிகள் ஒரே நாளில் சர்க்கரைக்கென இரு குழாய்களைக் காண்பதுண்டு. சாம்பல் மூடியில் சோடியம் புளோரைடு உள்ளது. எடுத்த பின்னும் இரத்த அணுக்கள் உயிருடன் இருந்து குளுக்கோஸை உண்டுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். புளோரைடு இதனை நிறுத்துகிறது. ஆனால் முழுமையாக நிறுத்த ஓரிரு மணி நேரம் ஆகும். வீட்டில் வந்து மாதிரி எடுத்துச் செல்பவர் உடனே ஆய்வகத்தில் சேர்க்கவேண்டியதன் காரணம் இதுவே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனை இளம் ஊதாக் குழாயில் செய்யப்படும்.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டு, வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் உட்கொள்வோர் அறியவேண்டியது வெளிர் நீலக் குழாய். ஐ.என்.ஆர். பரிசோதனை இதில்தான். ஒன்பது பங்கு இரத்தத்திற்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குழாயில் குறித்த கோடு வரை இரத்தம் நிரம்பியாக வேண்டும். குறைந்தால் சிட்ரேட் மிகுந்து ஐ.என்.ஆர். உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அதனை நம்பி மாத்திரையின் அளவைக் குறைத்தால் வால்வில் இரத்தக் கட்டி உருவாகும் ஆபத்து நேரும். எனவே குழாய் நிரம்பவில்லை என்று இரண்டாம் முறை ஊசி போட நேர்ந்தால், வலியைப் பொறுத்துக்கொண்டு இசையுங்கள்.

ஒரு குழாயில் இரத்தம் குறைந்தால் மற்றொன்றிலிருந்து ஊற்றி நிரப்புவதும் அறவே கூடாது. ஈ.டி.டி.ஏ. குழாயில் அப்பொருள் பொட்டாசியம் உப்பாக உள்ளது. அது கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதிலிருந்து சிறிது மஞ்சள் குழாயில் கலந்தாலும், நலமாய் இருப்பவருக்குப் பொட்டாசியம் அபாயகரமாக உயர்ந்தும் கால்சியம் தாழ்ந்தும் காட்டும். குழாய்களை நிரப்புவதில் சிட்ரேட், சீரம், ஹெப்பாரின், ஈ.டி.டி.ஏ., புளோரைடு என்ற வரிசை பின்பற்றப்படுவது இக்கலப்பைத் தவிர்க்கவே. கையை மடக்கி விரித்துக்கொண்டே இருப்பதும் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தும். ஒரு முறை மூடிப் பிடித்தால் போதும்.

இனி, இப்பெயர்களுள் ஒன்றை நோயாளியே நினைவில் வைத்திருக்கவேண்டிய ஒரு சூழ்நிலை. மிகச் சிலருடைய இரத்தத்தில், ஈ.டி.டி.ஏ.யுடன் சேர்ந்தவுடன் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. எண்ணும் கருவி அத்திரள்களைத் தட்டணுக்களாகக் கணக்கில் கொள்ளாது. இரண்டு இலட்சம் இருக்கவேண்டியவருக்கு நாற்பதாயிரம் என்று அறிக்கை வரும். டெங்குக் காய்ச்சல் பரவும் காலத்தில் அவ்வறிக்கை ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும். தேவையற்ற தட்டணு ஏற்றத்திற்கும், தள்ளிப்போடத் தேவையில்லாத அறுவைச் சிகிச்சை தள்ளிப்போவதற்கும் இடமுண்டு. உடலுக்குள் தட்டணுக்கள் நலமாகவே உள்ளன. திரள்வது குழாயில் மட்டுமே. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வாளர் திரள்களைக் கண்டுகொள்வார். பின்னர் சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்து எண்ணுவர். சிட்ரேட் நீர்மம் இரத்தத்தை நீர்க்கச் செய்வதால் கிடைத்த எண்ணை 1.1 ஆல் பெருக்கிக்கொள்வர்.

தட்டணு குறைந்த ஒவ்வொருவருக்கும் காரணம் இதுதான் என்று நீங்களாகவே தேறுதல் கொள்ளலாகாது. டெங்குவில் தட்டணுக்கள் உண்மையாகவே குறையும். வேறுபாட்டைத் தீர்மானிக்க வேண்டியது ஆய்வகமும் மருத்துவரும். ஆனால், உங்களுக்கு ஈ.டி.டி.ஏ. சார்ந்த தட்டணுத் திரள்வு உண்டு என்று ஒருமுறை உறுதிசெய்யப்பட்டிருந்தால், அச்சொற்களை அப்படியே மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் மருத்துவரைக்கொண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஊதாக் குழாய் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொன்னால் புதிய மருத்துவமனையில் ஒவ்வாமை என்றே எண்ணுவார்கள். இரத்தம் எடுப்பவரிடம் ஊசி போடுவதற்கு முன்பே கோப்பைக் காட்டுங்கள். சிட்ரேட் குழாய் ஒன்றையும் அவர் கூடவே நிரப்பிக்கொள்வார்.