நாய் மாட்டியது, பூனை தப்பியது

குண்டானவர் வளர்க்கும் நாயும் குண்டாகத்தான் இருக்கும் என்று பார்க்கில் நடப்பவர்கள் கிண்டலாகப் பேசிக்கொள்வதுண்டு. நெதர்லாந்தில் ஒரு குழு இந்தக் கிண்டலை நிஜமாகவே அளந்து பார்த்தது. மனிதர்களின் உடற்பருமனை ஆராய்கிற யாகோப் சைடெலும் அவருடைய சகாக்களும் 47 நாய்கள், 36 பூனைகள், அவற்றை வளர்ப்பவர்கள் என எல்லோரையும் அளந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நாய் விஷயத்தில் கிண்டல் பலித்தது. வளர்ப்பவரின் பி.எம்.ஐ. ஏற ஏற, நாயின் பருமனும் ஏறியது. பூனை விஷயத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

எண்ணிக்கையில் சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நாயை தினமும் எவ்வளவு நேரம் வெளியே நடத்திச் செல்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்தவுடன், நாயின் எடைக்கும் ஆளின் எடைக்கும் இருந்த தொடர்பு மறைந்துபோனது. ஆளின் தொப்பை நாய்க்குத் தொற்றவில்லை; இருவரும் சேர்ந்து நடக்காமல் விட்ட நடைதான் இரண்டு உடம்பிலும் ஏறியிருக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

பூனை தப்பித்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. பூனைக்கு வார் மாட்டி வாக்கிங் கூட்டிப் போகிறவர்கள் அபூர்வம். அது தன் இஷ்டத்துக்கு மதில் ஏறும், அல்லது நாள் முழுக்கத் தூங்கும். பூனைகளும் குண்டாகத்தான் செய்கின்றன. கருத்தடை, வீட்டுக்குள்ளேயே அடைந்த வாழ்க்கை, எந்நேரமும் நிரம்பியிருக்கும் கிண்ணம் என்று அவற்றுக்கு வேறு காரணங்கள். வீட்டுக்காரர் காலையில் எழுந்து நடந்தாரா, இல்லையா என்பதில் பூனைக்கு அக்கறை இல்லை.

நடை ஒரு பாதி என்றால், கை மறு பாதி. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஷார்லோட்டே பியோர்ன்வாட் குழு 268 நாய்களைப் பரிசோதித்து 2019-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. சரியான எடை உள்ளவர்கள் வளர்த்த நாய்களில் 14 சதவீதம் பருமனாக இருந்தன. எடை கூடியவர்கள் வளர்த்தவற்றில் அது 35 சதவீதம். தின்பண்டம் கொடுக்கும் விதத்திலும் வித்தியாசம் தெரிந்தது. முதல் கூட்டத்தார் ‘உட்கார்’, ‘வா’ என்று பழக்கும்போது கூலியாகக் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தார் சோபாவில் சாய்ந்து ஓய்வெடுக்கும்போது, தங்கள் வாய்க்குப் போவதில் கடைசித் துண்டை நாய்க்கும் கொடுத்தார்கள். அன்பு என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பழக்கும் நேரத்துக்கு ஒரு முடிவு உண்டு, சோபாவுக்குக் கிடையாது.

அந்தக் கடைசித் துண்டு எவ்வளவு பெரியது? பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. டீ குடிக்கும்போது ஆளுக்கொன்றாக நான்கு பேர் நீட்டினால் 100 கலோரி, அதாவது நாள் கணக்கில் ஆறில் ஒரு பங்கு. தின்பண்டம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. கொடுத்த நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். “ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்” என்பார்கள். பொய்யும் இல்லை.

இந்த இடத்தில் எல்லாப் பழியையும் ஆள் மீது போட்டுவிடலாம் என்று தோன்றும். லேப்ரடார் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் 2016-ல் கண்டறிந்தபடி, ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் இந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. துண்டு விடுபட்ட நாய்கள் சராசரியாக இரண்டு கிலோ கூடுதல் எடையோடு இருந்தன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லேப்ரடார்களிடம் இந்தக் குறை இன்னும் அதிகம், நான்கில் மூன்றுக்கு இருந்தது. தின்பண்டத்துக்காக எதையும் செய்யும் நாய்தானே சீக்கிரம் பாடம் கற்கும்? பயிற்சியாளர்கள் சமர்த்து நாயைத் தேடி, தெரியாமலே பசித்த நாயைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆக, ஒல்லியான லேப்ரடார் வைத்திருப்பவர் எல்லோரும் கண்டிப்பானவர் என்று மெச்ச வேண்டியதில்லை. அவருக்குச் சுலபமான நாய் வாய்த்திருக்கலாம்.

ஸ்வீடனில் நடந்த ஆய்வு இன்னும் விசித்திரமானது. செல்லப்பிராணிக் காப்பீட்டுப் பதிவுகளையும் மனிதர்களின் மருத்துவப் பதிவுகளையும் இணைத்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்-உரிமையாளர் ஜோடிகளைப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் உள்ள வீட்டில், உரிமையாளருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 38 சதவீதம் கூடுதல் என்று 2020-ல் அறிவித்தார்கள். பூனை வளர்ப்பவர்களிடம் இதுவும் காணோம். உடம்பின் கணக்குப்படி பார்த்தால் இது தலைகீழ். பருமனால் மனிதர்களைப் போலவே சர்க்கரை நோய் வருவது பூனைக்குத்தான். நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே குறைந்துபோகும் வகை. நோயின் தன்மையில் நமக்கு நெருக்கமான விலங்கு பூனை, நோயில் நம்மோடு பங்கு போடுவது நாய். என் ஊகம், அன்றாடத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் இங்கே கனமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வாளர்களிடம் யார் எவ்வளவு நடந்தார்கள், என்ன தின்றார்கள் என்ற தகவல் இல்லை. அதனால் அது ஊகமாகவே இருக்கட்டும்.

நாய் குண்டாகத்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். விலாவின் மேல் விரலை லேசாக ஓட்டினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். மருத்துவர்கள் இதை வைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 4, 5 நல்லது. ஆனால் கண் ஏமாற்றும். விலா லேசாகத் தெரியும் சிப்பிப்பாறையைப் பார்த்து, “சோறே போடுறதில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. வேட்டைக்கு ஓடப் பிறந்த அந்த இனத்துக்கு அதுதான் ஆரோக்கியம்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 48 லேப்ரடார்களை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக வாழ்நாள் முழுக்க உணவு கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தொந்தரவும் தள்ளிப்போனது. குறைத்துப் போடு என்று காட்டிய இந்த ஆய்வை நடத்தியது பியூரினா, நாய் உணவு விற்கிற கம்பெனி!

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அந்த நெதர்லாந்து ஆய்வைத் திரும்பச் செய்ய யாராவது வந்தால் முதல் நாளே சிக்கல்தான். லேப்ரடாரை வாங்கியவர் மகன், அவர் இருப்பது ஆபீஸில். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப் போவது வாட்ச்மேன். தயிர்சாதம் பிசைந்து வைப்பது பாட்டி. பிஸ்கட் போடுவது பள்ளியிலிருந்து திரும்பும் பேத்தி. இதில் யாருடைய பி.எம்.ஐ.யைக் குறித்துக்கொள்வது?